விளிம்பு கட்ட வந்தவன்

மாணிக்கக் குழிக்குப் பெண்கள் போகக் கூடாது. கொடகவெலப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. குழியில் இறங்குகிறவனுக்கு வீட்டுப் பெண் சோற்றுப் பார்சல் கொண்டுவந்தாலும், வேலியோரம் வைத்து, ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். தீட்டுப் பட்டால் கல் மண்ணுக்குள் இறங்கிப் போய்விடுமாம். குழிக்குக் காசு போடுகிற முதலாளி முஸ்லிமாக இருப்பார். உள்ளே இறங்குகிறவர்கள் சிங்களவர்களாக இருப்பார்கள். மரமும் மண்ணும் சுமக்கப் போகிறவன் தோட்டத்துத் தமிழனாக இருப்பான். சாமி கும்பிடும்போது ஆளுக்கொரு திசை பார்ப்பார்கள். இந்த ஒரு பயத்தில் மட்டும் எல்லோரும் கூடப் பிறந்தவர்கள்தான்.

குழியிலிருந்து ஏறுகிற கல்மண்ணைக் கழுவ ஒரு கூடை வேண்டும். அகன்ற கூடை, நடுவில் குழிந்த அடி. தண்ணீருக்குள் அமிழ்த்திச் சுழற்றினால் சேறும் மணலும் கரைந்து ஓட, கனத்த கற்கள் அடியில் தங்கும். மூங்கில் சிம்பைக் கொஞ்சம் விட்டு முடைந்தால் கல்லும் சேர்ந்து ஓடிவிடும். இறுக்கி முடைந்தாலோ சேறு போகாமல் நின்று கழுவுகிறவனின் இடுப்பை ஒடிக்கும். இரண்டுக்கும் நடுவில் முடையத் தெரிந்த ஆள் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தின் வரிசை வீட்டு ஸ்ரீதரன் என்பதுதான் சுற்றுவட்டாரக் குழிகளில் பேச்சு.

வழிவழியாக வந்த வேலை அது. அவனுடைய முன்னோர்கள் தோட்டத்துக்குக் கொழுந்துக் கூடை முடைந்தவர்கள். நைலோன் பை வந்து கொழுந்துக் கூடையைத் துரத்தியபோது ஸ்ரீதரனின் அப்பா அதற்காக ஒப்பாரி வைக்கவில்லை. கூடையின் உயரத்தைக் குறைத்தார், அடியைக் குழித்தார், கல்லுக்குழிக்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார். அன்றிலிருந்து அவர்கள் வீட்டு வாசலில் மூங்கில் தீர்ந்ததில்லை. பெண்கள் மூங்கில் பிளக்கலாம், சிம்பு வாரலாம், பிரம்பை ஊறப் போடலாம். முடைவது ஆண்பிள்ளை வேலை. குழிக்குப் போகிற சாமான் அல்லவா!

சில வருஷங்களுக்கு முன் பிரம்பு வெட்டப் போன ஸ்ரீதரன் ஈரப் பாறையில் சறுக்கி விழுந்தான். கையில் இருந்த கத்தி வலது மணிக்கட்டில் இறங்கிவிட்டது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். காயம் ஆறியது. ஆனால் கட்டை விரலும் அதற்கடுத்த விரலும் அதற்குப் பிறகு ஒன்றோடொன்று சேரவில்லை. சோறு அள்ளித் தின்னலாம், பிளேன்டித் தேநீர்க் கோப்பையைத் தாங்கலாம். சிம்பை இழுத்துப் பிடிக்க முடியாது.

கட்டோடு வீட்டுக்கு வந்த அன்று இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு கூடை பாதியில் கிடந்தது. குழிக்காரர்கள் அவசரமாகக் கேட்டிருந்த கூடை. அவனுடைய பெண்சாதி தர்மிளா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தண்ணீர்ப் பீலிக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதிரே உட்கார்ந்து சிம்பு வாரிக் கொடுத்தவள். கண் பார்த்துக்கொண்டிருந்ததைக் கை செய்தது. அவ்வளவுதான்.

அப்புறம் எல்லாக் கூடையும் அவள்தான். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து எடுப்பாள், வந்து குளித்துவிட்டுக் கதவைச் சாத்துவாள். மாதத்தில் விலகி இருக்க வேண்டிய நாட்களில் சிம்பைத் தொட மாட்டாள். யாரும் சொல்லி வைத்த கட்டுப்பாடு இல்லை, அவளே போட்டுக்கொண்டது. "குழிக்குள்ள எறங்குறவங்களுக்கு நம்மளால ஒண்ணு ஆயிறக் கூடாதுங்க" என்பாள். முடைந்த கூடையை ஸ்ரீதரன் தோளில் போட்டுக்கொண்டு குழிக்குக் கொண்டுபோவான். அங்கே பெரியாள் சிரிபால பாஸ் கூடையைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல கை" என்பார். ஸ்ரீதரன் வீட்டுக்கு வந்து அதை ஒப்பிப்பான்.

"யாரு கை?" என்று தர்மிளா ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே கேட்பாள். அவன் கூடைக் காசை எடுத்து அவளிடம் நீட்டுவான். பிறகு பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒரு தடவை குழி ஒன்றில் பெரிய நீலக்கல் கிடைத்தது. கூடைக்காரனுக்குக் கைராசி என்று சொல்லி, ஸ்ரீதரனைக் கூப்பிட்டு, இடுப்பில் புதுச் சாரம் கட்டிவிட்டு, அந்த விளங்காத மணிக்கட்டிலேயே மஞ்சள் நூலும் கட்டி அனுப்பினார்கள். தர்மிளா அன்றைக்குப் பாயாசம் காய்ச்சினாள். அவனுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பீலிக்குப் போனவள், குடம் நிரம்பி வழிந்து வெகுநேரம் ஆகியும் வரவில்லை. போய்ப் பார்த்தான். அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தானே.

இப்படி இருக்கையில்தான் பளீல் முதலாளி ஒரு நாள் பின்னேரம் கொட்டுகிற மழையில் ஆட்டோ பிடித்து மேல் லயத்துக்கு வந்தார். டவுனில் கடை வைத்திருப்பவர், மெல்லிய மனிதர். குழியில் போட்ட காசு அவரை இன்னும் மெலிய வைத்திருந்தது. பருவம் முழுக்கத் தோண்டியும் வெறும் களிமண்ணாகவே வந்து, இப்போதுதான் கல்மண் தட்டுப்பட்டிருந்தது.

"ஸ்ரீ, எங்கட குழில கல்மண்ணு ஏறீக்கி" என்றார், இஸ்தோப்பில் கால் வைக்கும்போதே. "குவிச்சி வெச்சீக்கி. நாளண்டைக்கிக் காலேல கழுவுற. புதுக் கூட ஒண்டு வேணும்."

"செஞ்சிருவோம் மொதலாளி. அதுக்கா இந்த மழையில வந்தீங்க? ஆள்விட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"அது மட்டுமில்ல. சிரிபால சாஸ்திரம் கேக்கப் போனான். கூடட வெளிம்ப வீட்டுல கட்டப்படாதாம். முடைஞ்ச ஆளே வந்து, குழிக் கரைல குந்தி, எல்லாரும் பாத்துட்டு ஈக்கக்குள்ள கட்டோணுமாம். அப்படிச் செஞ்சாத்தான் குழி கண் தொறக்குமாம். எனக்கு இதுகள்ல நம்பிக்க இல்ல. ஆனா பங்காளிமார் கேக்க மாட்டாங்க."

நம்பிக்கை இல்லாத மனிதர்தான் இந்த மழையில் மலை ஏறி வந்திருந்தார். ஸ்ரீதரன் தன் வலது கையைச் சாரத்து மடிப்புக்குள் வைத்துக்கொண்டான். கையில் காயம் பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். காயம் ஆறிவிட்டது, பழையபடி முடைகிறான் என்பதுதான் அவன் சொல்லி வைத்திருந்தது.

தர்மிளா பிளேன்டியும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தாள். பளீல் முதலாளி அவளைப் பார்த்தார், உடனே கோப்பையைப் பார்த்தார்.

"வர்றேன் மொதலாளி" என்றான் ஸ்ரீதரன்.

ஆட்டோ இறங்கிப் போன சத்தம் அடங்குவதற்குள் தர்மிளா பிடித்துக்கொண்டாள். "வர்றேன்னு சொல்லிட்டீங்களே, எந்தக் கையில கட்டுவீங்க?"

"வேற என்னாத்தச் சொல்றது? ஒன்னையக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லவா?"

"காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அப்ப காய்ச்சல் போனாப்புல வான்னு நாள மாத்துவாங்க. எத்தினி நாளைக்குக் காய்ச்சலாக் கெடக்குறது?"

கேலியாகச் சொன்னானே தவிர அவன் முகம் செத்துக் கிடந்தது. விஷயம் வெளியே வந்தால் அந்த ஒரு குழியோடு போகாது. இத்தனை காலம் வெறுமையாகப் போன குழி எல்லாம் கணக்குக்கு வரும். பெண்பிள்ளை கை பட்ட கூடையால்தான் என்பார்கள். அதற்கு மேல் எந்தக் குழியிலும் அவர்கள் வீட்டுக் கூடை இறங்காது. வீட்டில் அதைத் தவிர வேறு கைத்தொழில் இல்லை.

அன்றைக்கே தர்மிளா கூடையைத் தொடங்கிவிட்டாள். மறுநாள் மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தபோது தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கால் விரலிடுக்கில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, பலாக்கொட்டைக் கறியும் கருவாட்டுச் சம்பலும் போட்டு அவனுக்கும் தனக்கும் சோறு பிசைந்தாள். தின்றதும் குளித்துவிட்டு வந்து அடியையும் சுற்றையும் முடித்தாள். விளிம்பில் வளைத்து வைக்கும் மூங்கில் வளையத்தையும் பொருத்தினாள். அதன் மேல் பிரம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது ஒன்றுதான் பாக்கி.

"இங்க வந்து உக்காருங்க" என்றாள். "கூடைய மொழங்காலுக்கு நடுவுல இறுக்கிக்கங்க. பெரம்ப இந்தச் சந்துல விட்டு எடது கையால இழுங்க. நுனியப் பல்லுல கடிச்சுக்கங்க. ஆ... அப்படித்தான்."

இழுத்தான். வழுக்கியது. மறுபடி இழுத்தான். பிரம்பு முறுக்கிக்கொண்டு கன்னத்தில் அறைந்தது.

"ஒங்கப்பா பாத்தா என்னா சொல்லியிருப்பாரு?" என்று சிரிக்கப் பார்த்தாள்.

"அவரு இருந்தா ஒன்னைய முடையவே விட்டிருக்க மாட்டாரு. பட்டினி கெடப்போம்னிருப்பாரு."

பக்கத்துக் காம்பரா வீட்டு மூக்காயி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தர்மிளாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவள், வாய்க்குப் பூட்டில்லாதவள்; இந்தக் கூடை விஷயத்தை மட்டும் வெளியே விட்டதில்லை. இருவரையும் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னா தம்பி, பல்லு வெளக்குறியா?"

"போங்கக்கா. நாளைக்குக் குழிக் கரையில கட்டணுமாம்."

"கேள்விப்பட்டேன். லயமே பேசுது." மூக்காயி குரலைத் தணித்தாள். "ஏன்டி தர்மிளா, நீ இங்கனயே முக்காவாசியக் கட்டிரு. அங்க போயி கடைசிச் சுத்த மட்டும் சும்மா கோத்து விடட்டும். எவன் வந்து எண்ணப் போறான்?"

அப்படியே செய்தார்கள். தர்மிளா விளிம்பை முக்கால்வாசி கட்டி, மீதிக்கு வழியும் வைத்துக் கொடுத்தாள். ஸ்ரீதரன் திரும்பத் திரும்பப் பழகினான். பல்லில் இரத்தம் கசிந்தது. ஒரு தடவை சரியாக வந்தது. அடுத்த தடவை வரவில்லை. தர்மிளா அவன் கையைப் பிடித்து, விறைத்த விரல்களில் நல்லெண்ணெய் தடவிவிட்டாள். இந்தக் கைக்காகத்தான் தன் கை இத்தனை நாள் கதவுக்குப் பின்னால் இருந்தது என்று அவளுக்கு அப்போது தோன்றியிருக்கலாம். ஆனால் அவள் முகத்தில் இருந்தது பரிதாபம்தான். அவன் மேல் அவளுக்கு உயிர்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. கீழே, வயலாக இருந்து இப்போது குழிகளான பள்ளத்தில் பம்ப் சத்தம் கேட்டது. ஸ்ரீதரன் போனபோது கல்மண் குவியலைச் சுற்றி, குழியில் பங்குள்ள பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். குழியின் வாயருகே, பக்கச் சுவர் சரியாமல் இருக்கச் செருகிய கெக்கில்லச் செடி பச்சையாகத் தெரிந்தது. வாழையிலையில் பாற்சோறு இருந்தது, விளக்கு எரிந்தது. பளீல் முதலாளி விளக்குக்குக் கொஞ்சம் தள்ளி நின்று உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார்.

சிரிபால பாஸ் ஒரு சாக்கை விரித்துப் போட்டார். மலைச் சரிவில் லயத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர், தமிழ் நன்றாக வரும். கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்குப் போய்விடுவார். "உக்காரு ஸ்ரீ. நேரம் சரி."

ஸ்ரீதரன் உட்கார்ந்து கூடையை முழங்காலுக்குள் இறுக்கினான். பிரம்பைச் சந்தில் விட்டான், இடது கையால் இழுத்தான். வழுக்கியது. வியர்த்தது. மறுபடி விட்டான். பிரம்பு பாதி ஏறி, கையை விட்டு எகிறிச் சேற்றில் விழுந்தது.

சிரிபால பாஸ் அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவனுக்கு முன்னால், மற்றவர்களுக்கு முதுகு காட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கூடையின் ஒரு பக்கத்தைத் தன் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா சுத்திவிடு" என்றார், உதடு அசையாமல். "கட்டின மாதிரி இருந்தாப் போதும். பொறகு நான் பாத்துக்கிறேன்."

ஸ்ரீதரன் தலை நிமிர்ந்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய சடங்கு அது. ஒருவர்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் பம்புக்குப் பக்கத்தில் குனிந்து எண்ணெய் பார்த்தார். இரண்டு பேர் ஒரே பீடிக்கு நெருப்புத் தேடினார்கள். வானத்தில் ஒன்றும் இல்லை, அதை ஒருவர் அண்ணாந்து பார்த்தார். பளீல் முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனார். போன் அடித்த சத்தமே கேட்கவில்லை.

இவர்களுக்குத் தெரியும்.

அது புரிந்ததும் அவன் உடம்பெல்லாம் கூசியது. நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். சுற்றிவிட்டு எழுந்தால் எல்லாம் பழையபடி நடக்கும். சாரம் கட்டுவார்கள், நூல் கட்டுவார்கள். ஆனால் அவனுக்கு அழுகைதான் வந்தது. இத்தனை பேர் சேர்ந்து தன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் இத்தனை வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று இருந்தது. பிரம்பைக் கீழே வைத்தான்.

"பாஸ், இது எனக்கு வராது" என்றான். குரல் அவன் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. பம்புக்காரர்கூடத் திரும்பினார். "இது தர்மிளா முடைஞ்சது. இது மட்டுமில்ல. என் கை போனதுல இருந்து ஒங்களுக்குக் குடுத்த கூட எல்லாம் தர்மிளா முடைஞ்சதுதான்."

சிரிபால பாஸ் கூடையிலிருந்து காலை எடுத்தார். முதலில் சிங்களத்தில் ஏதோ சொன்னார், பிறகு தமிழுக்கு வந்தார்.

"ஏன்டா சொன்ன?"

"பாஸ்..."

"எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ஒன் கைய நாங்க பாக்கலியா? எத்தன வருஷம் குழிக்குள்ள கெடக்கிறோம், கூடயத் தொட்டா யாரு முடைஞ்சதுன்னு தெரியாதா? நீ சொல்லாத வரைக்கும் அது ஒன்னோட கூட. இப்பச் சொல்லிட்டியே. தெய்யோ முன்னால, சாமி முன்னால சொல்லிட்டியே. இனி நான் எப்படித் தண்ணில எறக்குவேன்?"

பங்காளிகளில் ஒருவர் பாற்சோற்றை மூடி வைத்தார். இன்னொருவர் பழைய கூடையைத் தேடப் போனார். பளீல் முதலாளி போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். "என்ட தனிக் குழியா ஈந்தா நான் ஒண்டும் பாக்க மாட்டேன், ஸ்ரீ" என்றார். "பல பேர்ட பங்கு ஈக்கி. நீ செல்லாம ஈந்தீக்கலாம்."

சிரிபால பாஸ் ஸ்ரீதரனின் தோளைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார். கோபம் இறங்கிவிட்டிருந்தது. "இங்க பாரு. பகிடிக்குச் சொன்னேன்னு சொல்லு. பயத்துல ஒளறிட்டேன்னு சொல்லு. எல்லாரும் சிரிப்பாங்க. ஒரு தேங்கா ஒடச்சிட்டுத் தொடங்கிருவோம். நானும் சிரிக்கிறேன். சொல்லு."

ஸ்ரீதரன் குவியலைப் பார்த்தான், காத்துக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்தான். அவர்கள் நிஜமாகவே சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அதுதான் கொடுமை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டில் உலை கொதிக்கும்.

"பகிடி இல்ல பாஸ்" என்றான்.

கூடையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினான். யாரும் திட்டவில்லை, தடுக்கவும் இல்லை.

தர்மிளா ஆற்றோர மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நிறுவைக்கு நேரமாகி, பெண்கள் சாக்குகளைப் பாதையோரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தோளில் கூடையோடு அவன் வருவதை முதலில் பார்த்தது மூக்காயி. "அடியே, கூட திரும்பி வருதுடி" என்றாள். தர்மிளாவின் கை செடியிலேயே நின்றுவிட்டது.

"கட்ட வரலியா?" என்று கேட்டாள், அவன் பக்கத்தில் வந்ததும்.

"வரல. சொல்லிட்டேன்."

"என்னாத்த?"

"நீ முடைஞ்சதுன்னு."

"ஐயோ, பாவி மனுசா!" அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏன் சொன்னீங்க? நம்ம பொழப்பு போச்சே! யாராச்சும் கேட்டாங்களா ஒங்கள? இனி எவன் நம்ம கூடய வாங்குவான்?"

"புத்தி பேதலிச்சிருச்சா தம்பி ஒனக்கு?" என்று மூக்காயியும் சேர்ந்துகொண்டாள். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றான். அவர்கள் திட்டி ஓயும்வரை காத்திருந்து, நடந்ததைச் சொன்னான். விரித்த சாக்கு, எகிறிய பிரம்பு, திரும்பிக்கொண்ட முகங்கள், பகிடி என்று சொல்லிவிடும்படி பாஸ் கேட்டது வரை ஒன்றும் விடாமல் சொன்னான்.

தர்மிளா தலையிலிருந்து கையை எடுத்தாள். "இருங்க. அவங்களுக்கு முன்னமே தெரியும்னா சொன்னாங்க?"

"தெரியுமாம். தொட்டாலே தெரியுமாம்."

"சிரிபால பாஸுக்கும்?"

"அவருதான் சொன்னாரு."

அவள் பாதையோரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இன்னும் போகவில்லை. அதற்குள் வேறொன்று வந்து கலந்துகொண்டிருந்தது.

"அப்ப கூடயத் தூக்கிப் பாத்துப் பாத்து நல்ல கை நல்ல கைன்னு சொல்லுவாரே. நீங்களும் வந்து சொல்லுவீங்களே." அவன் தோளில் இருந்த கூடையை நிமிர்ந்து பார்த்தாள். "அதெல்லாம் யாருக்குச் சொன்னாரு?"

ஸ்ரீதரன் அதை அதுவரை யோசித்திருக்கவில்லை. இத்தனை காலம் தனக்கு என்று வாங்கி வந்தது ஒன்றும் தனக்கில்லை என்பது அந்தப் பாதையில் நிற்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"ஒனக்குத்தான் சொல்லியிருக்காரு" என்றான். "நான் கொண்டாந்து குடுத்திருக்கேன், அவ்வளவுதான்."

தர்மிளா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். நிரையில் இருந்த பெண்கள் கிட்ட வராமல் நின்றார்கள். கீழே நிறுவைக்குக் கங்காணி கூப்பிடும் சத்தம் கேட்டது, மறுபடியும் கேட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சாக்கை முதுகில் ஏற்றினாள். ஸ்ரீதரன் கூடையோடு லயத்துப் பக்கம் திரும்பியபோது கூப்பிட்டாள்.

"அத இங்க வச்சிட்டுப் போங்க. நான் கொண்டாறேன்."

"வழியில குழிக்காரங்க இருப்பாங்க. பாப்பாங்க."

"பாக்கட்டும்" என்று சொல்லி, அவன் தோளிலிருந்து கூடையை வாங்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.